பார்வையும் கண்ணோட்டமும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அன்றாட வாழ்வியல் ஓவியங்களில் உழைக்கும் பெண்

முன்னுரை

பிறர் துன்பத்தைக் கலையில் கண்டு சுவைத்தல் அறத்தொடு பொருந்துமா என்னும் வினா மிகப் பழையது. அவலச்சுவை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நாடகத்தையும் காப்பியத்தையும் சார்ந்து எழுந்தவை. அவற்றுள் துன்புறுவோர் புனைவு மாந்தர். அவர்க்கு எவரும் எக்கடனும் பட்டிலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெருகிய அன்றாட வாழ்வியல் ஓவியங்களின் நிலை இதனின் வேறானது. அவ்வோவியங்கள் காட்டிய தையற்பெண்ணும் சலவைப் பெண்ணும் கதிர் பொறுக்கும் பெண்ணும் பார்வையாளரின் காலத்திலேயே, பல வேளைகளில் அவர் வாழ்ந்த நகரிலேயே வாழ்ந்தவர்கள். ஓவியத்திலுள்ள தையற்காரியைப் போன்ற ஒருத்தி தைத்த சட்டையை அணிந்துகொண்டே ஒருவர் கண்காட்சிக்கு வந்து அவளுக்காகக் கண்கலங்கியிருக்கக் கூடும்.

இந்நிலையில் அவ்விரக்கத்தின் அறத்தகுதி யாது? உழைக்கும் பெண்ணை அழகிய காட்சியாக்கிய ஓவியர் அவளுக்கு நன்மை செய்தாரா, அவளை மேலும் ஒருமுறை பயன்படுத்திக்கொண்டாரா? இவ்வினாக்களைச் சில ஓவியங்களின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இரக்கத்தைத் தூண்டுவதனால் மட்டும் ஓவியம் அறத்தகுதி பெறுவதில்லை. பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவளுக்கும் இடையிலுள்ள கடப்பாட்டை அது மறைக்கிறதா, வெளிப்படுத்துகிறதா என்பதே அளவுகோலாக வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

1. அன்றாட வாழ்வியல் ஓவியத்தின் எழுச்சி

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கலைக்கழகம் ஓவிய வகைகளைப் படிநிலைப்படுத்தியது. சமயம், தொன்மம், வரலாறு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட ஓவியங்கள் தலைமை பெற்றன. சமையலறை, சந்தை, வயல், தையல் முதலிய எளிய வாழ்க்கைக் காட்சிகள் கீழ்நிலையில் வைக்கப்பட்டன. அரசர்க்கும் தெய்வங்களுக்கும் பெரிய திரைச்சீலை, எளியோர்க்குச் சிறிய சட்டம் என்பது எழுதாச் சட்டமாக நிலவியது. 1850-51 ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் கூர்பே தம் ஊர் மக்களின் இறுதிச்சடங்குக் காட்சியை ஆறு மீட்டருக்கு மேற்பட்ட அகலத்தில் வரைந்து வைத்தபோது எழுந்த சினத்திற்கு அதன் அளவும் ஒரு காரணமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகமும் தொழிலும் செய்து பொருளீட்டிய நடுத்தர வகுப்பினர் ஓவியங்களை வாங்கும் நிலைக்கு உயர்ந்தனர். தம் வீட்டுச் சுவர்க்கு ஏற்ற அளவில், தாம் அறிந்த வாழ்வைக் காட்டும் ஓவியங்களை அவர்கள் விரும்பினர். இதனால் பெண்ணின் அன்றாட வாழ்க்கை ஓவியப் பொருளாக விரிந்தது. அவ்வாறு விரிந்தபோது பெண் இருவகையாகக் காட்டப்பட்டாள். தொட்டில் ஆட்டுபவளாக, வாசிப்பவளாக, விருந்தோம்புபவளாக இல்லறத்தின் உருவாய்க் காட்டப்பட்டவள் ஒருத்தி. கூலிக்கு உழைப்பவளாகக் காட்டப்பட்டவள் மற்றொருத்தி. முதலாமவளின் ஓய்வு இரண்டாமவளின் உழைப்பினால் அமைந்தது என்பது பெரும்பாலான ஓவியங்களில் சொல்லப்படாமல் விடப்பட்ட செய்தியாகும்.

2. கண்ணோட்டம் என்னும் அளவுகோல்

இச்சிக்கலை ஆராயத் தமிழ் மரபிலுள்ள இரு கருத்தாக்கங்கள் துணைபுரிகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் வறுமையையும் ஒன்றாக வைக்கிறது. அதற்கு உரை வகுத்த பேராசிரியர், தானே அவலித்தல் வேறு, பிறர் அவலம் கண்டு அவலித்தல் வேறு எனப் பகுத்துக் கருணையையும் அவலத்தையும் பிரித்தறிகிறார். கண்காட்சிக் கூடத்தில் பிறப்பது இரண்டாவது வகை. அது தன் துன்பம் அன்று. ஆதலின் அதனைப் பார்வையாளர் விரும்பிய கணத்தில் தொடங்கவும் முடிக்கவும் இயலும்.

மற்றொன்று திருக்குறள் கூறும் கண்ணோட்டம். கண்ணின் இயக்கத்தைக் குறிக்கும் ஒரு சொல் அருளுணர்வைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்துள்ளமை கருதத்தக்கது. இவ்வதிகாரம் அறத்துப்பாலில் அமையாமல் பொருட்பாலில் அரசியலின் பகுதியாக அமைந்துள்ளது. கருமம் சிதையாத கண்ணோட்டத்தையே வள்ளுவர் சிறப்பித்துப் பேசுகிறார். அக்கருமம் அரசனுக்குரிய முறைசெய்தலாக உரையில் விளக்கப்படுகிறது. கடமையைக் கரைத்துவிடும் இரக்கம் கண்ணோட்டம் ஆகாது என்பது இதனால் பெறப்படும். பார்வை, இரக்கம், கடமை ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்கும் இடத்தையே கண்ணோட்டம் எனக் கொள்ளலாம். அரசனைப் பற்றிய இக்கருத்தை ஓவியத்தின் முன் நிற்கும் பார்வையாளருக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

3. இரக்கம் கடமையைக் கரைத்தல்

1843 இல் இங்கிலாந்தில் வெளியான அரசு விசாரணைக் குழு அறிக்கை, ஆடை தைக்கும் தொழிலில் இளம்பெண்கள் உழைத்த நீண்ட நேரத்தை வெளிப்படுத்தியது. அவ்வாண்டு திசம்பரில் பஞ்ச் இதழில் வெளிவந்த தாமஸ் ஹூடின் சட்டைப் பாட்டு நாடெங்கும் பரவியது. அதனை அடியொற்றி ரிச்சர்ட் ரெட்கிரேவ் 1844 இல் தையற்பெண் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். அதன் 1846 ஆம் ஆண்டு வடிவம் இன்று இலண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ளது. எளிய அறையில் தனித்து அமர்ந்து தைக்கும் பெண், நள்ளிரவு கடந்த நேரத்தைக் காட்டும் கடிகாரம், மேல்நோக்கிய விழிகள். 1854 இல் அன்னா பிளண்டன் வரைந்த தையற்பெண்ணும் சாளரத்தருகே கைகளைக் கோத்து வானத்தை நோக்குகிறாள்.

இவ்வோவியர்களின் நல்லெண்ணம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் இவ்வோவியங்களின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. அறையில் அப்பெண்ணைத் தவிர வேறெவரும் இல்லை. கூலியை நறுக்கிய முதலாளியும் இல்லை. மலிவான சட்டையைக் கேட்டு வாங்கியவரும் இல்லை. மேல்நோக்கிய விழிகள் சமய ஓவியங்களில் உயிர்நீத்த புனிதர்களின் விழிகளை நினைவூட்டுகின்றன. அவள் முறையீடு விண்ணுக்குச் செல்கிறது. எதிரில் நிற்கும் மனிதரிடம் வரவில்லை. பார்வையாளர் குற்றமற்ற சாட்சியாக நின்று இரங்கும் வசதியை ஓவியமே அமைத்துத் தருகிறது.

ரெட்கிரேவின் மற்றொரு புகழ்பெற்ற ஓவியத்தின் வரலாறு இக்கருத்தை மேலும் தெளிவாக்கும். செல்வர் வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குக் கல்வி கற்பிக்கும் வறிய ஆசிரியையை அவர் வரைந்தார். அவருடைய தமக்கை அல்லது தங்கை நிலையிலிருந்த உடன்பிறந்தாள் ஒருத்தியே அத்தகைய பணியிலிருந்து இளமையில் இறந்தவள். ஆதலின் அப்பொருள் அவருக்கு அயலான செய்தி அன்று. 1843 இல் காட்சிக்கு வந்த முதல் வடிவத்தில் ஆசிரியை கறுப்பாடை அணிந்து, இழவுச் செய்தி தாங்கிய கறுப்புக்கரைக் கடிதத்தைக் கையில் ஏந்தித் தனித்திருக்கிறாள். லீட்ஸ் நகரத் துணித்தொழிற் குடும்பத்தில் பிறந்த ஜான் ஷீப்ஷாங்க்ஸ் என்னும் கலைச்சேகரிப்பாளர் அதன் வேறொரு வடிவத்தை விரும்பியபோது, மாணவியரையும் சேர்த்து வரையுமாறு கேட்டுக்கொண்டார். 1844 ஆம் ஆண்டு வடிவத்தில் பின்புறத்தில் வெயிலில் மகிழ்ந்திருக்கும் சிறுமியர் இடம்பெற்றனர். இவ்வடிவமே இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவள் தனிமை தாங்கற்கரிதாக இருந்தபோது மாற்றப்பட்டது ஓவியமே. அவள் நிலைமை அன்று. இரக்கம் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் முறை இதுவாகும். எனினும் முரணாக ஒன்றும் நிகழ்ந்துள்ளது. சேர்க்கப்பட்ட சிறுமியரின் விளையாட்டு ஆசிரியையின் துயரை மறைக்கவில்லை. யாருடைய மகிழ்ச்சிக்காக அவள் தன் வீட்டைப் பிரிந்து இங்கு இருக்கிறாள் என்பதைக் காட்டிவிடுகிறது. வாங்கியவரின் ஆறுதலுக்காகச் செய்த மாற்றமே, முதல் வடிவத்தில் இல்லாத உறவை ஓவியத்திற்குள் கொணர்ந்தது. ஓவியரின் நோக்கமும் ஓவியத்தின் அறமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

4. உழைப்பை உழைப்பாகவே காணுதல்

1857 ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட ழான் பிரான்சுவா மில்லேயின் கதிர் பொறுக்கும் பெண்கள் இதற்கு மாறான வழியை மேற்கொண்டது. அறுவடைக்குப்பின் வயலில் சிந்திய கதிர்களை ஏழைகள் பொறுக்கிக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பாவில் தொன்மையானது. விவிலியத்தில் ரூத்து கதிர் பொறுக்கியதும் இவ்வழக்கத்தின்படியே. மில்லே நார்மண்டி உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இவ்வேலையின் உடல்நோவை அறிந்தவர். ஓவியத்தின் முன்புறத்தில் மூன்று பெண்கள். இருவர் முற்றக் குனிந்துள்ளனர். மூன்றாமவள் குனிவதற்கும் நிமிர்வதற்கும் இடைப்பட்ட நிலையில் நிற்கிறாள். முகங்கள் தெளிவாகப் புலப்படவில்லை; கண்ணீர் இல்லை; விண்ணோக்கிய விழிகள் இல்லை. ஒருத்தி எடுப்பதும், ஒருத்தி கை நீட்டுவதும், ஒருத்தி இடுப்பை நிமிர்த்த முயல்வதும் ஒரே செயலின் மூன்று கணங்களாக அமைந்து, நாள் முழுதும் நிகழும் வேலையின் நீளத்தை உணர்த்துகின்றன.

பின்புறத்தில் பொன்னிறக் கதிர்ப்போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, அறுவடை செய்யும் கூட்டம். வலப்புறத்தில் தொலைவில் குதிரைமேல் அமர்ந்து மேற்பார்வை செய்யும் ஒருவன். நிறைவும் குறைவும் ஒரே வயலில் உள்ளன. பெண்களின் கையிலுள்ள சில தாள்களுக்கும் பின்னுள்ள போர்களுக்கும் இடையிலுள்ள தொலைவே இவ்வோவியத்தின் பொருள் எனலாம். 1848 ஆம் ஆண்டுப் புரட்சியின் நினைவு மறையாத பாரிசில் இவ்வமைதியான காட்சி அச்சத்தை எழுப்பியது. விமரிசகர் பால் த சேன்-விக்டர் இம்மூவரையும் ஊழை நெய்யும் மூன்று தெய்வ மகளிரோடு ஒப்பிட்டு வெறுப்புரைத்தார். இரக்கம் கேட்கும் ஏழையைவிட, எதனையும் கேளாமல் உழைக்கும் ஏழையே பார்வையாளரை மிகுதியும் கலங்கச் செய்தாள் என்பது இதனால் புலப்படுகிறது.

ஓனரே தோமியே ஏறத்தாழ 1863 இல் வரைந்த சலவைப் பெண்ணும் இவ்வகையினள். பாரிசின் ஸேன் ஆற்றில் துணி துவைத்துவிட்டுக் கரைப்படிகளில் ஏறும் பெண் ஒரு கையில் துணிமூட்டையும் மறு கையில் குழந்தையும் கொண்டு வருகிறாள். ஓவியம் அரை மீட்டர் உயரமும் இல்லாதது. உருவமோ சிலைபோல் கனத்து நிற்கிறது. குழந்தையின் கையில் துணி அடிக்கும் மரக்கட்டை உள்ளது. தாயின் தொழில் குழந்தையின் கைக்கு மாறப்போவதை எவ்வித அறிவுரையுமின்றி அச்சிறு கட்டை சொல்லிவிடுகிறது. 1880களின் இடைப்பகுதியில் எட்கர் தெகா வரைந்த துணி தேய்க்கும் பெண்களில் ஒருத்தி இரு கைகளாலும் தேய்ப்புப் பெட்டியை அழுத்துகிறாள். மற்றொருத்தி கையில் புட்டியுடன் வாய்விட்டுக் கொட்டாவி விடுகிறாள். அக்கொட்டாவியை அழகுபடுத்த ஓவியர் முயலவில்லை. களைப்பு இங்குத் துயரத்தின் குறியீடாக மாற்றப்படாமல் களைப்பாகவே நிற்கிறது.

எனினும் இவ்வோவியங்களையும் வினவாமல் விடுதல் இயலாது. மில்லே தம் ஓவியத்தை 3,000 பிராங்குக்கு விற்றார். அவர் 1875 இல் மறைந்தபின், 1889 ஆம் ஆண்டு ஏலத்தில் அது 3,00,000 பிராங்குக்கு விலைபோயிற்று. நூறு மடங்காகப் பெருகிய அவ்விலையில் கதிர் பொறுக்கிய பெண்களுக்கு ஒரு தாளளவும் பங்கில்லை. ஓவியம் காட்டிய தொலைவு ஓவியத்தின் வாழ்விலேயே மீண்டும் நிகழ்ந்துவிட்டது. உண்மையாகப் பார்த்தலும் கடனைத் தீர்த்துவிடுவதில்லை; அக்கடன் இருப்பதை மறவாமல் வைப்பதே அதனால் இயன்றது.

5. பெண் பெண்ணைக் காணுதல்

ஆணின் பார்வையே சிக்கலுக்குக் காரணம். பெண் வரைந்தால் அது தீரும் எனக் கருதுவாரும் உளர். பெண்கள் கலைக்கல்வியிலிருந்து விலக்கப்பட்டிருந்தமை உண்மை. பாரிசின் அரசு நுண்கலைப் பள்ளி 1897 இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தெருவும் உணவுக்கடையும் நடன அரங்கும் நடுத்தர வகுப்புப் பெண் ஓவியருக்கு எளிதில் கிட்டாத இடங்கள். வீடும் தோட்டமுமே அவருக்கு ஓவியக்களங்கள். இத்தடையையே வாய்ப்பாக மாற்றியவர் பெர்த் மொரிசோ.

அவர் ஏறத்தாழ 1880 இல் வரைந்த ஓவியத்தில் ஆஞ்செல் என்னும் முலைத்தாய் மொரிசோவின் மகள் சூலிக்குத் தோட்டத்தில் பாலூட்டுகிறாள். மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தாயும் சேயும் என்னும் பழம்பொருளாகவே இது தோன்றும். உண்மையில் இது இரு உழைப்புகள் எதிரெதிரே அமர்ந்த காட்சி. ஒருத்தி கூலிக்குப் பாலூட்டுகிறாள்; மற்றொருத்தி அதனால் கிடைத்த நேரத்தில் தூரிகை பிடிக்கிறாள். கலை வரலாற்றாசிரியர் லிண்டா நோக்ளின் 1988 இல் இவ்வோவியம் பற்றி எழுதிய கட்டுரை இவ்வுறவின்பால் ஆய்வாளர் கவனத்தைத் திருப்பியது.

தமிழ் உரைமரபு ஐவகைத் தாயருள் முலைத்தாயையும் ஒருத்தியாக எண்ணுகிறது. பாலூட்டுதல் பெற்றவளின் இயல்பு மட்டுமன்றி ஒரு பணியாகவும் இருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று. பிரான்சில் இத்தொழிலுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் இறப்பு மிகுந்திருந்தமையால் 1874 இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. மொரிசோவின் ஓவியத்தில் காணப்படாத ஒருவர் உண்டு. அவர் முலைத்தாய் பெற்ற குழந்தை. அக்குழந்தைக்குரிய பால் எங்கே செல்கிறது என்னும் வினாவை ஓவியம் வாய்விட்டுக் கேட்கவில்லை. முலைத்தாயின் முகமும் விரைந்த தூரிகைக் கோடுகளில் கரைந்துள்ளது. எனினும் அவள் பெயர் ஓவியத்தின் பெயரோடு நிலைத்துள்ளது. பெண் என்னும் ஒருமை வகுப்பு வேற்றுமையை அழித்துவிடுவதில்லை. பார்ப்பவர் பெண்ணாயிருத்தலால் மட்டும் பார்வை கண்ணோட்டமாகிவிடுவதும் இல்லை என்பதை இவ்வோவியம் நேர்மையாகவே உணர்த்துகிறது.

6. பார்வை செயலாதல்

கண்ணோட்டம் கருமத்தோடு கூடுவதற்கு நார்வே ஓவியர் கிறிஸ்தியன் குரோக் சான்றாவார். 1885 இல் அவர் வரைந்த ஓவியத்தில் தையற்பெண் ஒருத்தி தையல் இயந்திரத்தின் அருகே அமர்ந்தவாறே உறங்கிவிடுகிறாள். ரெட்கிரேவின் தையற்பெண்போல் அவள் வானை நோக்கவில்லை, கண்கள் மூடியுள்ளன. அவளிடமிருந்து பார்வையாளருக்கு எச்செய்தியும் வரவில்லை.

அடுத்த ஆண்டு குரோக் அல்பெர்த்தினே என்னும் புதினத்தை வெளியிட்டார். வறிய தையற்பெண் ஒருத்தி காவலர் ஒருவனால் கெடுக்கப்பட்டுப் பரத்தமைத் தொழிலுக்குத் தள்ளப்படுவதை அது சொல்கிறது. வெளிவந்தவுடன் அந்நூல் காவல்துறையால் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் தண்டம் கட்ட நேர்ந்தது. 1887 இல் அவர் முடித்த பேரோவியம், காவல்துறை மருத்துவரின் கட்டாயச் சோதனைக்குக் காத்திருக்கும் பெண்களிடையே எளிய உடையணிந்த அல்பெர்த்தினே உள்ளே அழைக்கப்படும் கணத்தைக் காட்டுகிறது. கதவருகே காவலர் நிற்கிறார். முதலாளி இல்லாத ரெட்கிரேவின் அறைக்கு இது நேரெதிர். பெண்ணை அந்நிலையில் வைத்திருக்கும் அதிகாரம் ஓவியத்திற்குள்ளேயே நிற்கிறது. பொதுமக்களிடையே எழுந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக 1888 இல் தலைநகரில் அரசு ஒழுங்குமுறைப் பரத்தமை ஒழிக்கப்பட்டது. ஓவியமும் புதினமும் மட்டுமே இதற்குக் காரணம் எனல் மிகையாகும். தொழிலாளர் இயக்கமும் ஒழுக்க இயக்கங்களும் முன்னரே இதற்காக உழைத்து வந்தன. எனினும் பார்வை இரக்கத்தோடு நின்றுவிடாமல் பொதுக்கடமையாக மாறிய அரிய நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

7. இந்தியத் தொடர்பு

ஐரோப்பியப் பார்வை இந்தியப் பெண்ணையும் தொட்டது. ஆங்கிலேயர் வாங்குவதற்காகத் தஞ்சை முதலிய இடங்களில் வரையப்பட்ட கம்பெனிப் பாணி ஓவியங்களில் சாதியும் தொழிலும் காட்டும் ஆண் பெண் இணைகள் வரிசையாக நிறுத்தப்பட்டனர். அங்குப் பெண் தொழிற்கருவியை ஏந்தி நிற்கிறாள். பெரும்பாலும் அதனால் வேலை செய்வதில்லை. இரக்கத்திற்கும் இடமின்றி அவள் வகைமாதிரி ஆகிறாள். திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா, 1893 ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு இந்தியப் பெண்களின் வாழ்வைக் காட்டும் பத்து ஓவியங்களை அனுப்பிப் பரிசு பெற்றார். வகைமாதிரியாக இருந்த பெண் அவர் தூரிகையில் எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் உடைய தனிமனுசியானாள். இது பெரிய மாற்றம். எனினும் ஒப்பனையும் காத்திருத்தலும் பெற்ற இடத்தை நாற்று நடுதலும் நெல் குற்றுதலும் அவர் ஓவிய உலகில் பெறவில்லை. கூலி உழைப்பை உழைப்பாகவே காணும் பார்வை இந்திய ஓவியத்தில் வலுப்பெற அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முடிவுரை

உழைக்கும் பெண்ணைக் காட்சியாக்குதல் அவளைச் சுரண்டுவதே என்று கூறி, வரையாமல் விடுவதே அறம் என வாதிடலாம். அவ்வாதம் ஏற்புடையதன்று. வரையாமல் விட்டிருந்தால் கதிர்ப்போரின் பொன்னிறம் மட்டும் எஞ்சியிருக்கும். குனிந்த முதுகுகள் மறைந்திருக்கும். காணாமை குற்றமின்மை ஆகாது. மறுபுறம், கண்டு இரங்கியதாலேயே கடன் தீர்ந்தது எனலும் பொருந்தாது. ஷீப்ஷாங்க்ஸ் கேட்ட மாற்றம் காட்டுவதுபோல, இரக்கம் பெரும்பாலும் முதலில் தன்னையே ஆற்றிக்கொள்கிறது.

ஆதலின் இவ்வோவியங்களை மதிப்பிடும்போது, இது எவ்வளவு உருக்கமானது என்பதை மட்டும் வினவுதல் போதாது. இவள் செய்யும் வேலை யாருக்குப் பயன்படுகிறது என்பதை இவ்வோவியம் காட்டுகிறதா என்பதையும் வினவுதல் வேண்டும். மில்லேயின் குதிரைவீரனும், தோமியேயின் சிறு மரக்கட்டையும், குரோக்கின் காவலரும் அவ்வினாவிற்கு விடைகூறுகின்றனர். ரெட்கிரேவின் ஆசிரியைக்குப் பின்னால் விளையாடும் சிறுமியரும் தம்மையறியாமல் விடை கூறிவிடுகின்றனர். கண்ணோட்டம் இல்லாத கண்ணைப் புண் என்கிறது குறள். கண்ணீரும் புண்ணிலிருந்து வடியும் நீராகவே நின்றுவிடாமல் இருக்கவேண்டுமாயின், ஓவியத்தை விட்டு விலகியபின் அணிந்திருக்கும் சட்டையின் தையலையும் பார்வையாளர் ஒருமுறை நோக்குதல் வேண்டும்.